முதியோர் இல்லமும் முதியோர் உரிமையும்

முதியோர் பராமரிப்பு நிலையங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும் என 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியதோடு தம் கடமை முடிந்ததென நிர்வாகிகள் கருதுவராயின், அது பெருந்தவறாகும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களுள் நூற்றுக்குப் 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை எட்டியவர்கள். பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்ட வடபுலத்தில் இல்லங்களை நாடுவோர் தொகை பெருகுதல் இயல்பே.

உறவினரைக் காணுதல், தம் பணத்துக்குக் கணக்குக் கேட்டல், தம் மொழியில் அச்சமின்றி முறையிடல் ஆகியன இவர்தம் உரிமைகள். பிறந்தநாட் சோறு வழங்கும் கொடையாளரின் படப்பிடிப்புக்காக இவர்களை வரிசையில் நிறுத்துவது எந்த அறம்?

நாம் கேட்பது இதுவே: இல்லத்தில் வாழ்வோர் தெரிந்தெடுக்கும் ஒருவருக்கு நிர்வாக சபையில் இடமளிக்க வேண்டும். சோறிடுவதோடு தருமம் நிற்கலாம், நீதி நிற்கலாகாது.