ஒப்பந்தத்தில் நமது பங்கு எங்கே?



கொழும்பும் சீனாவின் ஷங்ஹாயும் 2003 முதல் சகோதர நகரங்கள். வர்த்தகம், முதலீடு, உல்லாசப் பயணம் தேடி நகரங்கள் கைகோர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் 1952ஐ மறக்கவும் முடியாது. சீனாவுடனான இறப்பர் - அரிசி ஒப்பந்தப்படி கப்பலேறிய இறப்பரில் நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பாலும் இருந்தது. அரிசி வந்தது, 1948இல் பறிபோன பிரஜாவுரிமை அவர்களுக்குத் திரும்பி வரவில்லை.

இன்று நமக்கு வாக்குண்டு. கொழுந்தெடுக்கும் பெண்ணின் படத்தைக் காட்டி வெளிநாட்டில் சந்தை தேடும் மலையகச் சபை எதுவானாலும் கேட்போம்: வரும் வருமானத்தில் லயத்துக்கு, தோட்டப் பாதைக்கு எவ்வளவு? தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் செலவிட இருந்த சட்டத்தடை 2018இல் நீங்கிவிட்டது. இனிச் சாக்குப்போக்கு வேண்டாம்.