பரு முகத்துக்குப் பவுடர் எது?



பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகி முகத்தில் பரு தோன்றிவிட்டால் வீட்டில் இரண்டு யோசனைகள் ஒன்றாகக் கிளம்பும். "ஒன்றையும் பூசாதே, முகத்தைச் சும்மா விடு" என்பார் தந்தை. "இப்படியேவா கல்யாண வீட்டுக்கு வருவாய்? கொஞ்சம் பவுடரையாவது போடு" என்பார் தாயார். பிள்ளையோ இருவர் பேச்சையும் கேட்காமல், தோழி சொன்ன டப்பாவை பாசார் மாலாமில் வாங்கி வந்து பெட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.

எங்கள் குனோங் ராபாட் வட்டாரத்துத் தாய் ஒருவர் இதைத்தான் கேட்டார். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் மகள், வகுப்பில் யாரும் முகத்தைப் பார்க்கக்கூடாதென்று கடைசி வரிசைக்கு மாறிவிட்டாளாம். பரு முகத்துக்கு ஏற்ற ஒப்பனைப் பொருள் எது என்பது அவர் கேள்வி. வீண் அலங்கார ஆசை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பரு அழுக்கினால் வருவதன்று. பருவ வயதின் ஹார்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன; எண்ணெயும் உதிர்ந்த தோல் அணுக்களும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைக்கின்றன; அங்கே கிருமி பெருகி வீக்கம் காண்கிறது. ஆகவே நாளுக்கு ஆறு தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் பரு போகாது, தோல்தான் புண்ணாகும். காலையும் மாலையும் மென்மையாகக் கழுவினால் போதும். (எங்கள் ஊர் ஹியோங் பியா பிஸ்கட்டினால் பரு வருமா என்று கேட்பவர்களும் உண்டு. இனிப்பும் மாவும் மிகுந்த உணவு சிலருக்குப் பருவைக் கூட்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்காக ஒரு பிஸ்கட்டின் மேல் பழி போட வேண்டாம்.)

பூசும் பொருளே பருவை உண்டாக்கும் என்பதும் மெய்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் அவருடன் பணியாற்றிய ஓட்டோ மில்ஸும் 1972இல் இதைப் பற்றி எழுதி, ஒப்பனைப் பரு என்றே அதற்குப் பெயரிட்டார்கள். அதற்கு இரண்டாண்டு முன்னர், தலைக்குப் பூசும் களிம்பு நெற்றியில் இறங்கி அங்கே பருவை உண்டாக்குவதையும் கிளிக்மேன் தம் சகாக்களுடன் எழுதியிருந்தார். நம் வீடுகளில் நடப்பதும் அதுதானே! காலையில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுகிறோம். வெயிலில் அது வழிந்து நெற்றிக்கு வருகிறது. நெற்றியிலும் கன்னத்தோரத்திலும் மட்டும் பொடிப் பொடியாகப் பரு இருந்தால், எதையும் வாங்குமுன் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். இரவில் வைத்துக் காலையில் தலைக்குக் குளித்துவிடலாம். பாட்டிமார் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒப்பனைப் பொருளுக்கு வருவோம். கெட்டியான கிரீம், குச்சி வடிவப் பவுண்டேஷன், எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ஆகியவற்றைத் தவிருங்கள். நீர்த்தன்மையுள்ள, எண்ணெய் சேராத திரவப் பூச்சு அல்லது மெல்லிய பொடி நல்லது. 'நான்-காமெடோஜெனிக்' என்று அச்சிட்டிருந்தால், மயிர்க்காலை அடைக்காதது என்று பொருள். ஆனால் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். அச்சொல்லுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. முற்காலத்தில் முயலின் காதில் பூசிப் பார்த்தே முடிவு கட்டினார்கள். உங்கள் பிள்ளையின் தோல்தான் கடைசிச் சோதனைக்கூடம். தாடையோரத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்து, புதிய பரு வராவிட்டால் முகம் முழுதும் பூசலாம்.

நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள். தாடையில் தொட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோலோடு கலந்து காணாமற்போகும் நிறமே சரியான நிறம். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் வெளிர்ப் பவுடரைப் போட்டால் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், பருவும் எடுத்துக்காட்டும். சிவந்த பருவை மறைக்கப் பச்சைப் பூச்சு போடுமாறு எழுதுவதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு. நமக்குப் பரு ஆறியபின் நிற்பது கரும்பழுப்புத் தழும்பு. அதன்மேல் ஆரஞ்சு சாயலுள்ள பூச்சை மெல்லத் தொட்டு, மேலே தன் நிறத்தைப் பூசினால் மறையும். வெயில் பட்டால் அந்தத் தழும்பு இன்னும் கறுக்கும். ஆகவே எண்ணெய்ப் பசையில்லாத சன்ஸ்கிரீன் அவசியம். மருந்து, சன்ஸ்கிரீன், அதன் பிறகு ஒப்பனை என்பதே வரிசை. பஞ்சையும் தூரிகையையும் வாரந்தோறும் கழுவ வேண்டும், அக்காள் தங்கையானாலும் ஒருவருடையதை மற்றவர் தொடக்கூடாது. ஒப்பனையோடு தூங்கவும் கூடாது.

இதுவரை சொன்னது எளிது. எனக்குக் கவலை தருவது, பிள்ளை ஒளித்து வைத்திருக்கும் அந்த டப்பாதான். "மூன்றே நாளில் பரு போகும், முகம் வெளுக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். பரு ஒரு நோய், கறுப்பு நோயன்று. இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து விற்பவரைக் கண்டால் விலகிப் போங்கள். நம் சுகாதார அமைச்சின் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இத்தகைய பூச்சுகளில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் ஆகியவற்றைக் கண்டு, மீண்டும் மீண்டும் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. பெட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு மருந்து. முதல் வாரம் வீக்கம் வற்றி முகம் பளிச்சென்றாகும், எல்லாரும் புகழ்வார்கள். பிறகு தோல் மெலியும்; நிறுத்தினால் பரு முன்னிலும் மோசமாகக் கிளம்பும். டிரெட்டினோயின் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

பாதரசம் தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! பூசுபவரோடும் இது நிற்பதில்லை. துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் போகும். "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால், பாதரசமாக இருக்கலாமென்று அங்கேயே சந்தேகப்படுங்கள்.

மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளும் அந்நிறுவனத்திடம் அறிவிக்கப்பட வேண்டுமென்பது 2008 முதல் உள்ள விதி. 'என்.ஓ.டி.' என்று தொடங்கி, ஒன்பது இலக்கங்களுடன், 'கே' என்று முடியும் எண் அதற்கு உண்டு. நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, பொருளின் பெயர் ஒத்திருக்கிறதா, தடை செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். நாம் நூறு முறை கண்டிப்பதைவிட, தடைப் பட்டியலைத் தன் கண்ணால் பார்ப்பது நன்றாக வேலை செய்யும். ஆனால் எண் இருந்தால் அமைச்சு சோதித்து நற்சான்று கொடுத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். விற்பவரே பொறுப்பேற்று அறிவித்தார் என்பதுதான் அதன் பொருள். எண் பெற்ற பிறகு பிடிபட்டவையும் உண்டு.

சாதாரணப் பருவுக்கு மருந்தகத்தில் மருந்தாளரிடம் பென்சாயில் பெராக்சைடு களிம்பு கேட்கலாம். பழைய தலையணை உறையைப் போடுங்கள், துணி வெளுத்துவிடும். கட்டி கட்டியாக வலியோடு வந்தாலும், குழி விழத் தொடங்கினாலும் காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவர்களே கடிதம் தருவார்கள். எந்த மருந்துக்கும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். தீபாவளிக்கு முகம் தெளிய வேண்டுமென்றால் ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.