வன்னிக் காட்டுக்கு ஜீப் வருமுன்

ஆவணி, புரட்டாசியில் மின்னேரியாக் குளம் வற்ற வற்ற, வெளித்தெரியும் ஈரத்தரையில் புல் துளிர்க்கிறது. அந்தப் புல்லுக்காக நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. அந்தக் காட்சிக்காக ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஜீப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வன்னிக் குளங்களும் அதே மாதங்களில்தான் வற்றுகின்றன. ஆனால் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் துணுக்காயிலும் யானை என்றால் வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி, கையில் ஒரு ரோச் லைற், நித்திரையில்லாத இரவு, அவ்வளவுதான். காலபோக நெல் முற்றும் தை, மாசியில் பரணில் விழித்திருப்பவருக்கு எவரும் நுழைவுச்சீட்டு வாங்கித் தருவதில்லை. ஆசையாக வைத்த தென்னம்பிள்ளை ஒரே இரவில் குருத்தோடு போய்விட்டால் அதைப் படம் பிடிக்க எவரும் வருவதுமில்லை.

விடுமுறைக்கு வரும் நம் புலம்பெயர் குடும்பங்களும் வில்பத்துவுக்கோ உடவளவைக்கோ யாலவுக்கோ போய்த்தான் யானை பார்க்கின்றன. ஏ9 வீதியால் வரும்போது முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, பருவமென்றால் வழியில் பாலைப்பழம் வாங்கி, யாழ்ப்பாணம் போய்ச் சேர்கின்றன. வசதியுள்ளவர்கள் தென்னாபிரிக்காவுக்கும் பொட்ஸ்வானாவுக்கும் சபாரி போகிறார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் பறந்து போய்ப் பார்க்கும் உயிர்களோடு இங்கே அவர்களின் ஒன்றுவிட்ட தமையன் வேலியும் வெடியுமாகக் குடித்தனம் நடத்துகிறார் என்பதை நினைவூட்டத்தான் வந்தேன்.

வன்னிக்கும் சபாரி வரும். முல்லைத்தீவும் வவுனியாவும் இலங்கையில் காடு அதிகம் மிஞ்சியிருக்கும் மாவட்டங்கள். 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகியது. அதே ஆண்டில் மடு வீதிப் பகுதியும் தேசியப் பூங்காவாகியது. பூநாரைகள் வந்திறங்கும் களப்பு, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு, நூற்றுக்கணக்கான குளங்கள் என்று விற்பதற்கு இங்கே எல்லாம் இருக்கின்றன. முதலீட்டாளர் வந்து சேர்வதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. யானையால் வரும் காசு யாருக்கு?

வன்னியின் வரலாற்றில் அது வன்னியானுக்கு வந்ததேயில்லை. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னியர்கள் யானையைத்தான் திறையாகக் கட்டினார்கள். பிடித்த யானைகள் யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, ஏலத்தில் விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேறின. கோல்கொண்டா வரை வியாபாரம் நடந்தது. இலாபம் கம்பனிக்கும் வியாபாரிக்கும் போனது. மதங்கொண்ட யானையை எதிர்கொள்ளும் வேலை மட்டும் ஊருக்கு மிஞ்சியது. குமுழமுனையில் கொம்பனைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதையும், அவள் இறந்தபின் கணவன் வேலப்பணிக்கன் பாடியதாகச் சொல்லும் ஒப்பாரியும் இன்றும் அந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கின்றன. யானையின் விலை ஒல்லாந்தக் கணக்கேட்டில் பதிந்தது. யானைக்காக ஊர் கொடுத்தது ஒப்பாரியில் பதிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அதே யானை பயிரழிக்கும் பிராணியாகி, தலைக்குச் சில ஷில்லிங் என்று கொல்வதற்கு வெகுமதி அறிவிக்கப்பட்டது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி எமர்சன் ரெனன்ற் எழுதிவைத்திருக்கிறார். பிடி, கொல், காப்பாற்று என்று காலத்துக்கொரு கட்டளை வந்தது. மூன்றையும் வெளியே இருந்தவர்களே போட்டார்கள்.

போருக்குப் பின் வந்த முதல் சுற்றுலா அலையையும் நாம் பார்த்தோம். 2010 முதல் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, முல்லைத்தீவுக் கரையில் தட்டி நின்ற ஃபாரா கப்பல், புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவருடைய பதுங்குகுழி ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்துப் போனார்கள். அந்தப் பதுங்குகுழி 2013 ஒக்டோபரில் தகர்க்கப்பட்டது. ஏ9 வீதியோரத்தில் இராணுவமே தேநீர்க்கடை நடத்தியது. நந்திக்கடல் ஓரத்தில் இராணுவமே விடுதி கட்டியது. ஆயிரக்கணக்கான பயணிகள் ஓர் ஊருக்குள் வந்து போகலாம், அந்த ஊரின் ஒரு தேநீர்க்கடைக்காரருக்கும் அதனால் வருமானம் இல்லாமற் போகலாம் என்பதை அந்த ஆண்டுகள் எங்களுக்குக் காட்டின. அப்போது ஊரவர்கள் தறப்பாளுக்குள் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களைத் தாண்டித்தான் கப்பலைப் பார்க்கப் போனார்கள். அதை என்னால் இலகுவில் மறக்க முடியவில்லை.

தெற்கு ஆபிரிக்காவைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இடத்தில்தான் வருகிறது. அங்கே போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில் சிங்கமும் சூரிய அஸ்தமனமும் நிறைய. பூங்கா வேலிக்கு வெளியே இருக்கும் ஊர் குறைவு. அந்த ஊர்களின் கதை எங்களுடையதற்கு மிக நெருங்கியது. பொட்ஸ்வானாவில், மத்திய கலகாரிக் காப்பகத்திலிருந்து சான் மக்களை அரசு 1997இலும் 2002இலும் வெளியேற்றியது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அவர்களின் குழாய்க்கிணற்றைத் திறக்க அரசு விடவில்லை. தண்ணீருக்கான உரிமையை 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் வெல்ல முடிந்தது. அந்த மக்கள் தண்ணீருக்கு வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில் அதே காப்பகத்துக்குள் உல்லாசப் பயணிகளுக்கான விடுதி நீச்சல் குளத்தோடு இயங்கியது.

தென்னாபிரிக்காவில் மக்குலேக்கே மக்களுக்கு நடந்தது வேறு. குரூகர் பூங்காவை விரிப்பதற்காக 1969இல் அவர்களை லிம்போபோ, லுவுவூ நதிகளுக்கிடையிலான தங்கள் மண்ணிலிருந்து துரத்தினார்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் அவர்கள் வழக்கு வைத்து, 1998இல் சுமார் 24,000 ஹெக்டேயர் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு செய்த காரியம்தான் முக்கியம். அந்த நிலத்தில் குடியேறவோ காட்டை வெட்டவோ செய்யாமல், பூங்காவின் பகுதியாகவே அதை வைத்துக்கொண்டு, விடுதிக்காரர்களுக்குத் தாங்களே குத்தகைக்கு விட்டார்கள். உறுதி அவர்கள் கையில் இருந்தது; ஆகவே பேரம் பேசும் பலமும் அவர்கள் கையில் இருந்தது. நிலத்தை மக்களிடம் கொடுத்தால் காடு அழிந்துவிடும் என்று எங்கள் அலுவலகங்களில் சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இது.

நமீபியா இதையே சட்டமாக்கியது. வறண்ட வடமேற்கில் களவேட்டை தலைவிரித்தாடிய 1980களின் தொடக்கத்தில், கார்த் ஓவன்-ஸ்மித் என்பவரும் ஊர்த் தலைவர்களும் சேர்ந்து ஊரவர்களையே காவலர்களாக்கினார்கள். 1996இல் வந்த சட்டத்திருத்தம், தங்கள் எல்லையைத் தாங்களே வரைந்து பதிவுசெய்யும் சமூகங்களுக்கு வனவிலங்கால் வரும் வருமானத்தின் மீது உரிமை கொடுத்தது. 1998இல் முதலாவது சமூகக் காப்பகங்கள் பதிவாகின. இன்று எண்பதுக்கு மேல். அந்த வருமானத்தில் ஒரு பங்கு வேட்டைக்காரர்களிடமிருந்து வருகிறது. அதை நாங்கள் ஏற்க முடியாது, ஏற்கவும் வேண்டாம். அங்கே சதுர கிலோமீற்றருக்கு நாலு பேர்கூட இல்லை என்ற வேறுபாடும் உண்டு. ஆனாலும் இலங்கையில் சன அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம் முல்லைத்தீவுதான். நாடு முழுவதிலும் இந்த யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான மண் வேறில்லை.

சிம்பாப்வேயின் அனுபவம் எச்சரிக்கை. 1989இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டம் வனவிலங்கு வருமானத்தைக் கிராமத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னது. சட்டப்படி அதிகாரம் போய்ச் சேர்ந்ததோ மாவட்டச் சபைகளுக்கு. பல இடங்களில் காசு சபையோடு நின்றுவிட்டது. அதிகாரப் பகிர்வு கேட்கும் நாங்கள் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த உரிமை மாகாணத் தலைமையகத்தோடோ பிரதேச சபையோடோ நின்றால், பரணில் இருப்பவருக்கு மாறியது ஒன்றுமில்லை.

எங்களுக்குக் காணிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதுதான் பெரிய இடைஞ்சல். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் 1973இல் வெளிவந்தது. அதன் களம் தண்ணிமுறிப்பு. காட்டுக்கு நடுவே குளமும் வயலும் வீடுமாக வாழ்ந்த ஊர் அது. 1984இல் அந்த மக்கள் தங்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். ஆளில்லாத வளவில் முதலில் பற்றை எழும்பும், பிறகு மரம் எழும்பும். கால் நூற்றாண்டு போதும். போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கு அங்கே கிடைத்தது வன இலாகாவின் எல்லைக்கல். இப்படி எல்லைக்கல் விழுந்த வயல்களும் மேட்டுநிலங்களும் வன்னியில் பல ஊர்களில் இருக்கின்றன. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டபோது இறால் பிடித்துச் சீவிப்பவர்கள் பயந்ததற்கும் இந்த அனுபவமே காரணம். பாதுகாப்பு என்ற பெயரில் வர்த்தமானி வரும்போதெல்லாம் இன்னும் ஒரு துண்டு போகிறது என்றுதான் சனம் நினைக்கிறது. அந்த நினைப்பு இருக்கும்வரை எந்த மிருகத்தையும் காப்பாற்ற முடியாது.

வன்னிக் காடு ஒருகாலமும் ஆளில்லாத காடாக இருந்ததில்லை. பட்டி மாடு சாய்த்தவர்கள், தேன் எடுத்தவர்கள், குளக்கட்டில் ஐயனாருக்குப் பொங்கியவர்கள் என்று எல்லோரும் அதற்குள் வழி வைத்திருந்தார்கள். நாளை பயணியின் ஜீப்பில் முன்னால் இருந்து, எந்தத் தடம் நேற்றையது, எந்தத் தடம் விடியப்புறம் போன அலியனுடையது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். தெற்கு ஆபிரிக்கா போய் வந்தவர்கள் சிங்கத்தைக் காட்டிலும் வழிகாட்டியை அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டிகள் இப்போது கூலி வேலைக்குப் போகிறார்கள்.

யானைப் பிரச்சினைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2023இல் இலங்கையில் 488 யானைகள் இறந்தன; யானையால் 184 மனிதர்கள் இறந்தார்கள். யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் செய்த நாடளாவிய ஆய்வின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்த நிலப்பரப்பின் 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். இதைப் படித்தபின் யானையைப் பூங்காவுக்குள் அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை ஒருவர் கைவிட வேண்டும். பூங்கா எல்லையில் கிலோமீற்றர் கணக்கில் மின்வேலி போட்ட இடங்களில் வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது. ஊரைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி, அரிதாளை யானைக்கு விடுவதுதான் பலன் தந்த முறை. 2020 டிசம்பரில் எழுதப்பட்ட தேசியச் செயற்திட்டமும் இதைத்தான் சொல்கிறது. அந்த வேலி ஊரவர் கையில் இருக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் வேலியின் கம்பி அறுந்தால் திணைக்களத்துக்கு அறிவித்துக் காத்திருக்க வேண்டும். வயல் வேலி அறுந்தால் கமக்காரர் அன்றே பூட்டுவார்.

பொட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள். வேட்டையில் கொன்ற விலங்குகளின் உடற்பாகங்களை இறக்குமதி செய்வதை ஜேர்மனி இறுக்கப் பார்த்தபோது, 20,000 யானைகளை உங்களுக்கே அனுப்புகிறேன், வைத்துப் பாருங்கள் என்று அப்போதைய ஜனாதிபதி மசீசி 2024 ஏப்ரலில் சொன்னார். வேட்டையில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் யானையோடு படுத்தெழும்புபவரின் குரலைக் கேட்காமல் யானையைப் பற்றி முடிவெடுக்காதே என்ற நியாயத்தை மறுக்க முடியாது. கொழும்பில் இருந்து அறிக்கை விடுபவர்களுக்கும் அது பொருந்தும்.

ஆகவே ஜீப் வரட்டும் என்றே நான் சொல்கிறேன், ஓர் ஒழுங்கில். முதலில் எல்லைக்கல் விழுந்த பழைய ஊர்களின் காணியை, உறுதியும் அனுமதிப்பத்திரமும் பார்த்து, காலக்கெடு வைத்துத் தீர்க்க வேண்டும். அடுத்தது, நுழைவுச்சீட்டுக் காசில் ஒரு பங்கு அந்தப் பூங்காவை ஒட்டிய கமக்கார அமைப்புகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் நேரடியாகப் போகச் சட்டம் வேண்டும். அந்தக் காசில் வயல் வேலி கட்டலாம், இரவுக் காவலுக்கு ஊர்ப் பெடியனுக்குச் சம்பளம் கொடுக்கலாம். வஸ்கமுவப் பக்கத்தில் யானைப்பாதையால் நடக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போக ஒரு பஸ் விட்டிருக்கிறார்கள். அதுபோல நெடுங்கேணிக்கும் ஒன்று விடலாம். விடுதி கட்ட வருபவர் காணியை அரசிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு வாங்கக் கூடாது. மக்குலேக்கேயில் போல ஊரிடம்தான் வாங்க வேண்டும். படையினர் நடத்தும் விடுதிகளும் கடைகளும் இந்தத் தொழிலை விட்டு விலக வேண்டும். மிதிவெடி அகற்றி முடியாத காட்டுக்குள் எந்த வண்டியும் போகக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

இதில் எதற்கும் புதிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. சுண்டிக்குளம் அறிவிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; அங்கே பெரிய முதலீடு இன்னும் இறங்கவில்லை. இறங்கியபின் கேட்டால் பங்கு கிடைக்காது. வட மாகாணத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அடுத்த பாதீட்டு விவாதத்தில் எழுந்து, சுண்டிக்குளத்து நுழைவுச்சீட்டில் ஊருக்கு எத்தனை வீதம் என்று கேட்கட்டும்.