பூங்கா யாருக்கு?

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. குளிப்பு உண்டு என்று அறிவிப்பதற்கு முன்னால், கடலடியில் உள்ள முத்துப் பார்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். குளியாட்களை இறக்கி, மாதிரிக்குச் சிப்பிகளை அள்ளி, அவற்றில் கிடைத்த முத்துக்களை விலை மதித்து, தேறும் என்று கண்ட பிறகே நாள் குறிப்பார்கள். தேறாவிட்டால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. வரலாற்று மாணவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பல பாகம் ஆழத்தில் கிடக்கும் சிப்பியைப் பற்றி இத்தனை விசாரணை செய்தவர்கள் நாம். பட்டப்பகலில் கண்ணெதிரே கிடக்கும் ஒரு மணல் திடலைப் பூங்காவாக்கும்போது மட்டும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

நான் வேம்பார்க்காரன். தூத்துக்குடி மாவட்டம் முடிந்து இராமநாதபுரம் மாவட்டம் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனை. கடலுக்குப் போகிறவர்களும் பனை ஏறுகிறவர்களும் கலந்து வாழும் பகுதி. 'பூங்கா' என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தோமேயன்றி, அதற்குள் போய் விளையாடி நாங்கள் வளரவில்லை. கோயில் முற்றம், கரையேற்றிய வள்ளங்களின் இடைவெளி, ஆறு கடலில் சேருமிடத்து மணல் - இவைதாம் எங்கள் திடல்கள். வெளியூர்க்காரர் ஒருவர் நண்பகலில் வந்து பார்த்தால் அவற்றை 'வெற்றிடம்' என்று குறித்துக்கொண்டு போவார். அவர் வந்த நேரம் அப்படி! விடியற்காலையில் வந்திருந்தால் மீன் ஏலத்தைப் பார்த்திருப்பார். காலை எட்டு மணிக்கு வந்திருந்தால் கருவாடு காய்வதையும், பத்து மணிக்கு வந்திருந்தால் வலையை விரித்துக் கிழிசல் தைப்பதையும் பார்த்திருப்பார். மாலையில் பந்து பறக்கும். கோடை இரவில் பாயும் தலையணையுமாகப் பாதித் தெருவே அங்கே படுத்திருக்கும். ஒரே மணல்தான்; மணிக்கொரு உரிமையாளர்.

இதை நான் பிறந்த நாள் முதல் பார்த்து வந்தவன். ஆயினும் ஒரு திடலை வெற்றிடம் என்று நம்பி ஏமாந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் குறை கூற எனக்கு உரிமை வரும்.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு கடலோரக் குடியிருப்புக்குப் போயிருந்தோம். ஏழு நாள் முகாம். மூன்றாம் நாள், ஊர் நடுவே இருந்த மணல் திடலைச் சுத்தம் செய்து, நாற்பது மரக்கன்றுகளை நட்டோம். வேம்பும் புங்கனும். ஆடுமாடு கடிக்காமலிருக்க ஒவ்வொரு கன்றையும் சுற்றி உடைமுள் வேலி கட்டினோம். கைகளில் இரத்தம் கசிந்தது, பெருமையாக இருந்தது. நிழற்படம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் நிழலில் விளையாடப் போகிறார்கள் என்று நிறைவு விழாவில் நானே பேசினேன். கைதட்டும் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, கன்றும் இல்லை. எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. 'இந்த மக்களுக்கு நன்மை செய்யவே கூடாது' என்று ஒரு நண்பன் உரக்கவே சொன்னான். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு வலையை எடுத்து வந்து மடியில் விரித்துக் காட்டினார். முழங்கை நீளத்துக்கு மூன்று கிழிசல். நாங்கள் கட்டிய முள்ளில் மாட்டிக் கிழிந்தவை. அந்த வலையைக் காயவைக்க அவர் மகனுக்கு வேறு இடம் கிடையாது. "நல்ல காரியந்தான் செய்ய வந்தீக. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா மரம் வைக்க இடம் காட்டியிருப்பேனே, ஐயா" என்றார்.

நாங்கள் ஏழு நாள் அந்த ஊரில் தங்கியிருந்தோம். அவர் வீட்டுக் குடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அந்த ஒரு வார்த்தை கேட்க நேரமில்லாமலா போயிற்று? கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நாம் படித்தவர்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பது நமக்குத் தெரியும் என்ற எண்ணம்.

இந்த எண்ணம் மாணவர்களுக்கு மட்டும் வந்த நோயன்று. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில் - பெயர் வேண்டாம் - ஒரு சிறுவர் பூங்கா கட்டினார்கள். இரும்புச் சறுக்கு மரம் வைத்தார்கள். உச்சி வெயிலில் அதில் உட்கார்ந்தால் தோசைக் கல்லில் உட்கார்ந்தாற்போல் இருக்கும். உப்புக் காற்றில் இரண்டாம் ஆண்டே துருவேறி, பலகை கிழிந்து, பிள்ளைகளின் தொடையைப் பதம் பார்த்தது. ஆனி ஆடியில் கச்சான் காற்று வாரி இறைக்கும் மணல் பாதிப் பூங்காவை மூடியது. சிமெண்டுப் பெஞ்சுகள் கடலைப் பார்க்காமல் மதிற்சுவரைப் பார்த்திருந்தன. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பூட்டு. வெயில் தாழ்ந்து காற்று வரும் நேரமே அதுதான்! இப்போது உள்ளே ஆடுகள் மேய்கின்றன. பிள்ளைகள் மதிலுக்கு வெளியே தெருவில் ஆடுகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளில் ஒருவனைக் கேட்டிருந்தால், இரும்பு வேண்டாம், மதில் வேண்டாம், ஒரு விளக்குப் போதும் என்று சொல்லியிருப்பான்.

பணம் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் போன்றவற்றால் சிற்றூர்களுக்கும் நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. சட்டத்தில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குரிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் தருகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதே ஆண்டில் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணையில் தருகிறது. மீன்வளம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சந்தையும் திருவிழாவும் இருக்கின்றன. விளையாட்டுத் திடல் என்ற சொல் இல்லை. நகரத்துப் பிள்ளை விளையாடும், கிராமத்துப் பிள்ளை மீன் பிடிக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ!

ஆனால் 73-ஆவது திருத்தம் வேறொன்று கொடுத்தது - கிராம சபை. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூட வேண்டும். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கையெழுத்திடுபவர் ஊர்க்காரராக இல்லாத காலத்தில் இந்தச் சபை இன்னும் முக்கியமாகிவிடுகிறது.

அங்கேதான் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் அந்த நாட்களைக் கொஞ்சம் பாருங்கள். மே 1 பனைக்காலம். கூட்டம் கூடும் முற்பகலில் பனையேறி குடும்பத்துப் பெண்கள் விடிலியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அடுப்பைவிட்டு எழுந்தால் கருப்பட்டி கெட்டுவிடும். ஆகஸ்டு 15 நாட்டுக்குச் சுதந்திர நாள். கடற்கரைக்கு மாதா திருநாள். பூசையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? வாரநாளாக இருந்தால் ஆண்கள் கடலில். கடைசியில் வருகிறவர்கள் யார்? வேலை இல்லாதவர்களும், வேலை வாங்குகிறவர்களும்! 'ஊரார் ஒப்புதலுடன்' என்று பதிவேட்டில் எழுதப்படுவது இந்த ஒப்புதல்தான். கடலோரத்தில் மக்களைக் கேட்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தத் திடலிலேயே நின்று கேட்க வேண்டும். பனை விளையில் கேட்க வேண்டுமானால் அடுப்பருகே போக வேண்டும்.

என் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். "பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு யோசனை வரும். சண்டைதான் மிஞ்சும், பூங்கா வராது" என்றார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. நம் ஊர்களில் 'பொது' என்ற சொல் அவ்வளவு பொதுவானதன்று. எந்தத் தெருவின் ஓரத்தில் திடல் அமைகிறதோ அந்தத் தெருவின் சொத்தாகவே அது மாறிவிடுவதை எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்! மற்றத் தெருப் பிள்ளைகள் எல்லையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். ஆகவே கூட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்து, அவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்கிறேன். சண்டை வரட்டும். காகிதத்தில் இருக்கும்போது வந்தால் அழிரப்பரோடு போகும்.

பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2024 அக்டோபர் இறுதியில், ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பொறுப்பில் விடவும், ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. வடசென்னையின் ஏழைப் பிள்ளைகள் கால்பந்தால் பெயர் வாங்கியவர்கள். மணிக்கு 120 ரூபாய் என்றால் அவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். எதிர்ப்பு கிளம்பியது, உடனே தீர்மானம் கைவிடப்பட்டது. கைவிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அந்தப் பையன்களை முதலிலேயே கேட்டிருந்தால் தீர்மானமே வந்திராது.

இன்னொரு நகரம் வேறு வழியில் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் நலிந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1947-இல் ஒரு சிறு சதுக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு திடல் அமைத்தார். ஒரு மணல் தொட்டி, தலைகீழாகத் தொங்கச் சில கம்பிகள், சில பெஞ்சுகள், மரங்கள், அவ்வளவே. அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள், எங்கள் தெருவிலும் ஒரு மூலை காலியாகக் கிடக்கிறது என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கடிதங்களைக் குப்பையில் போடாமல் இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். சுமார் முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட திடல்கள் வந்தன. எந்த மூலை காலி என்பது அந்தத் தெருவில் குடியிருப்பவனுக்குத்தான் தெரியும். அவர்கள் தொட்டி கட்டி மணல் நிரப்பினார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை.

இவ்வளவும் எழுதியபின் என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளிக் கபடிக் குழுவில் இருக்கிறாள். "எல்லாம் சரிண்ணே, எங்கள எங்க கேட்டிருக்க?" என்றாள். எனக்குத் தலைகுனிவாயிற்று. நான் மேலே எழுதிய திடலில் மாலையில் பந்து பறப்பதாகச் சொன்னேனே, அந்தப் பந்து பையன்களுடையது. பெண்பிள்ளைகள் பெரியவர்களானதும் அந்த மணல் அவர்களுக்கு இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா இருந்தாள். நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் குடியேற்றிய இடம் அது. அவள் படத்தை என் தங்கை புத்தக அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள். எங்கே பழகுவது என்றுதான் தெரியவில்லை.

தங்கையையும் அவள் தோழிகள் ஆறு பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். பூங்கா கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கேட்டவை மூன்று: நான்கு மணி முதல் ஆறு மணி வரை பையன்கள் திடலைவிட்டு விலகியிருக்க வேண்டும், பக்கத்தில் கதவுள்ள ஒரு கழிப்பறை வேண்டும், வீடு திரும்பும் பாதையில் ஒரு விளக்கு வேண்டும். ஊஞ்சல் வேண்டாமா என்றேன். "அதெல்லாம் படத்துல பாக்க நல்லாருக்கும்ணே" என்றாள் ஒருத்தி. முதல் கோரிக்கைக்கு ஒரு காசு செலவில்லை. அதுதான் மிகக் கடினமானது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் அந்தப் பையன்களில் ஒருவன்தானே! என் கூட்டாளிகளிடம் பேசியிருக்கிறேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

முகாம் நடந்த ஊருக்கு இந்த ஆண்டு மீண்டும் போனோம். பாட்டி சென்ற முறை காட்டிய இடம் திடலின் மேற்கு ஓரம். குழாயடியில் வழியும் தண்ணீர் போய்த் தேங்குமிடம். வலைக்கும் வழியில்லை, வண்டிக்கும் வழியில்லை. அன்றே புதிதாகப் பதினைந்து கன்றுகளை வாங்கி வந்து அங்கே நட்டிருந்தோம். உப்புக் காற்றுக்குப் பூவரசு தாங்கும் என்று அவர் சொன்னதால் பூவரசங்கன்றுகள். பதினொன்று பிழைத்து, என் இடுப்பளவுக்கு வந்திருக்கின்றன. வேலி இந்தத் தடவை எங்கள் கைவேலை இல்லை. யாரோ ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கிழிந்த பழைய வலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.