கோச் தெரியும்... ‘டீம் மேனேஜர்’ தெரியுமா? அமெரிக்க சிறுவர் கால்பந்தைத் தாங்கும் சம்பளமில்லா பெற்றோர்

2026 உலகக் கோப்பையை கனடா, மெக்சிகோவுடன் சேர்ந்து நடத்தும் நாடு அமெரிக்கா. பேச்சு முழுக்க ஸ்டேடியம், டிக்கெட் விலை பற்றித்தான். ஆனால் அங்கே ‘சாக்கர்’ உயிரோடு இருப்பது சனிக்கிழமை காலை பார்க் மைதானங்களில். அதை ஓட வைப்பவர், டீமில் ஆடும் ஏதோ ஒரு குழந்தையின் அம்மா அல்லது அப்பா. பதவி: டீம் மேனேஜர். சம்பளம்: பூஜ்யம்.

கோச் இருக்காரே, மேனேஜர் எதுக்கு?

கோச்சுக்கு மைதானத்துக்குள்ளே வேலை. வெளியே நடப்பதெல்லாம் மேனேஜர் தலையில். வீரர் பதிவு, அடையாள அட்டை, மருத்துவ ஒப்புதல் படிவம், ஜெர்சி நம்பர், யார் வர்றாங்க என்ற கணக்கு, மழை பெய்தால் காலை 6 மணிக்கு ‘மேட்ச் கேன்சல்’ மெசேஜ்.

1964-ல் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் தொடங்கிய ‘ஏ.ஒய்.எஸ்.ஓ’ அமைப்பு தன்னார்வலர்களை நம்பியே வளர்ந்தது. ஒவ்வொரு குழந்தையும் மேட்ச்சில் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்பது அதன் விதி. கட்டணம் அதிகமான கிளப்களில் கோச்சுக்குச் சம்பளம் உண்டு. மேனேஜர் பெரும்பாலும் அங்கேயும் பெற்றோர்தான்.

வெறும் ஸ்நாக்ஸ் லிஸ்ட் இல்லையா?

ஒரு காலத்தில் அப்படி நினைக்கலாம். இப்போது பொறுப்பு கூடிவிட்டது.

* குழந்தைப் பாதுகாப்பு: ஜிம்னாஸ்டிக்ஸ் பாலியல் வன்முறை வழக்குகள் நாட்டையே உலுக்கிய பிறகு, 2018-ல் ‘சேஃப் ஸ்போர்ட்’ சட்டம் வந்தது. சிறார் விளையாட்டில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள், வன்முறை நடந்ததாகச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும். மேனேஜர் ஒரு குழந்தைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவதுகூட சிக்கல்தான். பெற்றோரையும் அதில் சேர்க்கணும்.

* தலைக்காயம்: 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என 2015-ல் அமெரிக்க கால்பந்து கூட்டமைப்பு அறிவித்தது. அடிபட்ட குழந்தை மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப ஆடக் கூடாது என்று 2009-ல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. பிறகு மற்ற மாநிலங்களும் தலைக்காயச் சட்டங்கள் கொண்டுவந்தன. ‘இன்னைக்கு ஃபைனல், ஆடட்டுமே’ என்று கெஞ்சும் அப்பாவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியவர்களில் மேனேஜரும் ஒருவர். அந்த அப்பா பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

* வயதுக் கணக்கு: 2026-27 சீசனிலிருந்து முக்கிய சிறுவர் அமைப்புகள் வயதுப் பிரிவை ஜனவரி 1-க்குப் பதில் ஆகஸ்ட் 1-லிருந்து கணக்கிடுகின்றன. சேர்ந்து ஆடிய நண்பர்கள் சிலர் வேறு டீமுக்குப் போவார்கள். முடிவு எடுத்தது மேலே. பதில் சொல்வது வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் மேனேஜர்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்?

தொண்டு நிறுவனத்துக்காக கார் ஓட்டினால் வரிக்கழிவுக்கு மைலுக்கு 14 சென்ட் கணக்கு. 1998-லிருந்து அது மாறவே இல்லை. அதே பயணம் தொழிலுக்காக என்றால் 2025-ல் 70 சென்ட். செலவழித்த நேரத்துக்கோ கழிவே கிடையாது.

பிரச்சினை எங்கே?

வேலை நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து மெயில் அனுப்ப முடிந்தவர்தான் மேனேஜர் ஆக முடியும். அமெரிக்காவில் இருக்கும் நம்மூர் ஐடி குடும்பங்களுக்கு அது சாத்தியம். கடையில் ஷிப்ட் பார்க்கும், மணிக்கணக்கில் கூலி வாங்கும் பெற்றோருக்குக் கஷ்டம். அப்படிப்பட்ட பெற்றோரே அதிகம் இருக்கும் பகுதியில் யாரும் கை தூக்கவில்லை என்றால், டீமே அமையாமல் போகலாம். திறமை இருந்தும் குழந்தை வெளியே நிற்கும்.

தீர்வு பெரிய விஷயம் இல்லை. ஒருவர் செய்யும் வேலையை நாலாகப் பிரிக்கலாம்: படிவம் ஒருவர், பணம் ஒருவர், மெசேஜ் ஒருவர், மேட்ச் நாள் ஒருவர். பாதுகாப்பு, தலைக்காயம் போன்ற சட்டப் பொறுப்புகளுக்கு மட்டும் கிளப்பே சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். சீசன் தொடக்கத்தில் ‘யாராவது ஒருத்தர் மேனேஜர் ஆகுங்களேன்’ என்று கேட்டால் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். ‘மாசம் இரண்டு மணி நேரம் போதும்’ என்று கேட்டால், ஷிப்ட் முடித்து வரும் அம்மாவும் கை தூக்க வாய்ப்பு உண்டு.