நுரையீரலில் ரத்தக் கட்டி

ஜெர்மானிய வைத்தியர் ருடால்ப் விர்ச்சோ பிறந்த அக்டோபர் 13ந் தேதியை, ரத்த உறைவு நோயைப் பற்றி ஜனங்களுக்கு அறிவுறுத்தும் தினமாக 2014 முதல் பல தேசங்களிலும் அநுஷ்டித்து வருகிறார்கள். நுரையீரலை அடைக்கும் கட்டி பெரும்பாலும் காலிலுள்ள அசுத்த ரத்தக் குழாயில் உறைந்து, பெயர்ந்து, இருதயத்தின் வழியாக வருவது என்று விளக்கியவர் அவரே. மேல் சைலீஷியாவில் பரவிய டைபஸ் ஜுரத்துக்குப் பரிகாரம் பூரண ஜனநாயகமும் கல்வியுமே என்று 1848-ல் அறிக்கை எழுதியவரும் இவர்தாம். நமது வந்தனத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பிரசவித்த ஸ்திரீகள், எலும்பு முறிந்து படுத்திருப்போர், ரணசிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோரை இவ்வியாதி அதிகமாகப் பீடிக்கிறது. திடீரென மூச்சுத் திணறும், மூச்சை இழுக்கையில் மார்பு குத்தும், நாடி விரையும், சிலருக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும். மாரடைப்பென்றோ கபமென்றோ எண்ணி ஏமாறுவது எளிது. சந்தேகம் இலேசானால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையே பலரைக் கவலையினின்று விடுவிக்கும். பலமானால் ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸி.டி. படம் தேவை.

அந்த யந்திரம் இல்லாத ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வண்டியேற்றி அனுப்புவது மாத்திரம் வைத்தியமாகாது. சந்தேகம் பலமாயிருந்து, ரத்தப் பெருக்குக்கு ஏது இல்லையெனில், படத்துக்குக் காத்திராமல் ஹெப்பாரின் ஊசி போட வேண்டுமென்பதே நிபுணர்களின் விதி. 1960-ல் பிரிஸ்டல் நகர வைத்தியர்களான பாரிட், ஜோர்டன் இருவரும் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் இந்நோயினால் மாண்டனர். வேறு 5 பேருக்கு அது மறுபடி கண்டது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட இந்நோயினால் இறக்கவில்லை. மேலும் எவருக்கும் மருந்தை மறுப்பது தகாதென்று அவர்கள் அத்துடன் நிறுத்தினார்கள்.

ஹெப்பாரின் கட்டியைக் கரைப்பதன்று, வளரவொட்டாமல் தடுப்பது. கரைக்கும் வேலையைச் சரீரமே செய்துகொள்ளும். கரைக்கும் மருந்தும் உண்டு. மூளையில் ரத்தம் கசியும் அபாயமிருப்பதால், ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் ஊசலாடும்போதே அதைப் பிரயோகிப்பார்கள்.

பிறகு குறைந்தது 3 மாதம் மாத்திரை உட்கொள்ள வேண்டும். வார்பரின் மலிவுதான். ஆனால் அடிக்கடி ரத்தம் சோதிக்க, கூலியை இழந்து பஸ் ஏறும் ஏழைக்கு அது மலிவாகுமா? அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அத்தொல்லை இல்லை; ஆனால் கர்ப்பிணிகளுக்கு உதவா. உலக சுகாதார ஸ்தாபனம் இவ்வகை மாத்திரைகளை 2019-ல் அத்தியாவசிய மருந்து ஜாபிதாவில் சேர்த்தது. அபிக்ஸபானின் பேடண்டு இந்தியாவில் 2022-ல் காலாவதியாயிற்று. நம் தேசத்துக் கம்பெனிகளே அதைத் தயாரிக்கின்றன. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இரவு பகல் எந்நேரமும் ஹெப்பாரினும், வீடு திரும்பும் ஏழைக்கு 3 மாத மாத்திரையும் இனாமாகக் கிடைக்க சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். ஊழியர்களும் தத்தம் ஊர் ஆஸ்பத்திரியில் இவ்விரண்டும் இருப்பில் உள்ளனவா என்று விசாரித்து, இல்லையெனில் சட்டசபை அங்கத்தினருக்கு எழுதுவார்களாக.