ப்ளூடூத் போட்டாலும் ஆபத்து ஆபத்துதான்

1/
வண்டி ஓட்டும்போது போன் பேசக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாம யாரும் பேசல. அதனால அந்த அறிவுரையைத் திரும்பச் சொல்ல இந்த இழையை எழுதல. ரெண்டு விஷயம் சொல்லணும். போன் கையில இல்லாட்டியும் ஆபத்து போகல. அந்த ஆபத்துல, இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுற நமக்கும் பங்கு இருக்கு.

(வண்டி ஓட்டிக்கிட்டே இதைப் படிக்கிறவங்க தயவுசெஞ்சு முதல்ல ஓரமா நிறுத்துங்க.)

2/
நான் திருவண்ணாமலையில் அரசு மருத்துவமனை டாக்டர். எம்.பி.பி.எஸ்., அவ்வளவுதான். நியூரோ சர்ஜன் இல்லை, எலும்பு டாக்டரும் இல்லை. ஆனா நைட் டூட்டியில் விபத்துக் கேஸ் வந்தா முதல்ல பார்க்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான். காயத்தைக் கழுவி, தையல் போட்டு, சிடி ஸ்கேனுக்கு அனுப்பி, ஏ.ஆர். எழுதி, போலீசுக்குத் தகவல் சொல்ற வேலை.

3/
தையல் போடும்போது பேச்சுக் கொடுப்போம். "எப்படிப்பா விழுந்த?" என்று கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் "நாய் குறுக்க வந்துச்சு சார்", இல்லைன்னா "மணல்ல சறுக்கிடுச்சு சார்". நாலு தையல் போன பிறகுதான் மீதி வரும். "வீட்ல இருந்து போன் வந்துச்சு சார். ஆனா கையில எடுக்கவே இல்ல, ப்ளூடூத்துலதான் பேசினேன்."

அந்தக் கடைசி வரியைத் தன் பக்கம் தப்பு இல்லைன்னு நிரூபிக்கிற மாதிரி சொல்வாங்க. பொய் சொல்லல. நிஜமாவே அப்படித்தான் நம்புறாங்க.

4/
இந்த நம்பிக்கையை ஆராய்ச்சி எப்பவோ உடைச்சிடுச்சு. 1997இல் கனடாவின் டொரண்டோவில் ரெடல்மையர் என்ற மருத்துவரும் டிப்ஷிரானி என்ற புள்ளியியல் அறிஞரும் ஒரு வேலை செய்தார்கள். விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் போன் பில்லை வாங்கி, விபத்து நடந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் வசதி வைத்திருந்தவர்களுக்கும் அதனால் தனிப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

5/
2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கேயும் 4 மடங்கு. கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏறக்குறைய அதே கதை. உலக சுகாதார நிறுவனமும் இன்றைக்கு இதே 4 மடங்கைத்தான் சொல்கிறது.

6/
ஏன் இப்படி? கண் ரோட்டைப் பார்க்குது. ஆனா பார்த்ததை "இது ஆடு, பிரேக் போடு" என்று முடிவாக மாற்றுவது மூளை. பேச்சைக் கேட்டு, புரிஞ்சு, பதில் யோசிக்கிறதும் அதே மூளைதான். எதிரில் வந்தது கண்ணில் பட்டும் மனசில் பதியாமல் போகும். "திடீர்னு எங்கிருந்து வந்தான்னே தெரியல சார்" என்பது பல நேரம் இதுதான். அவர் திடீரென்று வரவில்லை. முன்னாடியே அங்கேதான் இருந்தார்.

7/
அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரே ஆட்களை, கார் ஓட்டும் சிமுலேட்டரில், ஒருமுறை போன் பேசவைத்தும் ஒருமுறை குடிக்கவைத்தும் பார்த்தார்கள். போன் பேசியவர்களின் ஓட்டுதல், குடித்தவர்களுடையதைப் போலவே கெட்டிருந்தது. பிரேக் போடத் தாமதம், முன்னால் போகும் வண்டியில் மோதல். இங்கேயும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்குச் சலுகை இல்லை.

அந்த ஆய்வில் குடித்த அளவு, 100 மில்லி ரத்தத்தில் சுமார் 80 மில்லிகிராம். நம் நாட்டுச் சட்ட வரம்பு 30 மில்லிகிராம்.

8/
"அப்போ பின்னாடி உட்கார்ந்திருக்கிற பொண்டாட்டிகிட்ட பேசலாமா?" என்று கேட்பீங்க. அது வேற. பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரியுது. லாரி வந்தா அவரே பேச்சை நிறுத்துவார், "ஏங்க, பார்த்து" என்பார். போனில் இருப்பவருக்கு நீங்க எந்த வளைவில் இருக்கீங்கன்னு தெரியாது. அவர் பாட்டுக்கு கரண்ட் பில்லைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பார்.

9/
வாட்ஸ்அப் பார்ப்பது இதைவிட மோசம். அங்கே கண்ணும் ரோட்டில் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி திரையைப் பார்த்தால், வண்டி சுமார் 66 மீட்டர் போயிருக்கும். நம்ம அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி, அதுவும் 66 மீட்டர்தான். அந்தக் கோபுரத்தை ரோட்டில் படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டின மாதிரி.

10/
பைக், ஸ்கூட்டர்காரங்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. ஸ்கூட்டரில் ஒரு பிரேக் வலது கையில், ஒன்று இடது கையில். ஒரு கை போனுக்குப் போனால் ஒரு பிரேக் போச்சு. பைக்கில் முன் பிரேக் வலது கையில், கிளட்ச் இடது கையில். ஒற்றைக் கையில் பிடித்த ஹேண்டில்பார், சின்னப் பள்ளத்துக்கே திரும்பிவிடும்.

11/
அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல்: ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகிக்கிறது. ஹெல்மெட்டும் போட்டாச்சு, கையும் ஃப்ரீ என்று ஒரு திருப்தி. ஆனா போன் உள்ளே போகணும்னா ஸ்ட்ராப்பை லூசா விடணும், இல்லைன்னா மாட்டவே கூடாது. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதல்ல தனியாப் பறக்கும். தலை அதுக்கப்புறம் தார் ரோட்டில் படும்.

12/
தலையில் அடிபட்டவரைப் பத்தி எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது ஒன்று. விழுந்து எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நல்லாப் பேசுவார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தால், சில மணி நேரத்தில் மயங்கிச் சரிவார். வாந்தி, தாங்க முடியாத தலைவலி, தூங்கி வழிதல், குழறும் பேச்சு, காது மூக்கில் ரத்தம், வலிப்பு: இதில் ஒன்று இருந்தாலும் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடாதீங்க. உடனே மருத்துவமனைக்கு வாங்க.

13/
எங்க ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூடுது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி அன்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் அதே பாதையில் ஆட்டோ, பைக், கார் எல்லாம் போகும். விடிகாலையிலும் ராத்திரியிலும் செருப்பில்லாமல் நடக்கிற பக்தர்களும் போவாங்க. குழந்தை, வயசானவங்க, சாமியார்கள் என்று எல்லாரும் ரோட்டோரத்தில்தான். ஓட்டுறவர் 4 விநாடி குனிந்தால் அதுக்கு விலை கொடுக்கப்போறவர் போனே வைத்திருக்க மாட்டார்.

14/
சென்னையும் பெங்களூரும் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க நடந்துட்டு, தூங்காம, விடியும்போது காரை எடுக்கிறவங்க நிறைய. பழக்கமில்லாத ஊர், மாற்றிவிட்ட பாதை. மேப் பார்க்கப் போன் கையில் இருக்கும். அப்பத்தான் வீட்டிலிருந்து போன் வரும்: "எங்க வந்துட்டிருக்கீங்க?" தூக்கக் கலக்கம், மேப், போன் பேச்சு மூணும் ஒரே மூளையில்.

தீபம் எரிகிற 11 நாளும் இன்னொரு காட்சி. பைக்கை ஓட்டிக்கிட்டே மலை உச்சியை வீடியோ எடுப்பாங்க. நிறுத்திட்டு எடுங்க சாமி, தீபம் எங்கேயும் போயிடாது.

15/
சரி, கணக்கு என்ன சொல்லுது? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாமதான் முதலிடம்: 64,105.

நாடு முழுக்க போன் உபயோகத்தால் இறந்ததாகப் பதிவானவர்கள் 3,395. மொத்தத்தில் சுமார் 2 சதவீதம். அதிவேகத்தின் கணக்கில் போனது 71 சதவீதம்.

16/
2 சதவீதம்தானேன்னு நிம்மதி ஆயிடாதீங்க. இறந்தவர் வந்து "நான் போன் பேசினேன்" என்று சொல்லப்போறதில்ல. பிழைத்தவர் வழக்குக்கும் இன்சூரன்சுக்கும் பயந்து சொல்ல மாட்டார். எஃப்.ஐ.ஆரில் வழக்கமாக வரும் வாசகம், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி". அந்த அஜாக்கிரதைக்குள்ளே போன் எத்தனை என்று அந்தக் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

17/
எங்க பக்கமும் இதில் ஒரு குறை இருக்கு. ஏ.ஆர். எழுதும்போது மது வாடை இருந்தால் குறிப்போம். "ஓட்டும்போது போன் உபயோகத்தில் இருந்ததா?" என்று கேட்டு எழுதும் வழக்கம், நான் பார்த்த வரையில் இல்லை.

ஏ.ஆரில் எழுதினால் அது கோர்ட்டுக்குப் போகும், அப்புறம் எவரும் உண்மை சொல்ல மாட்டார் என்பது நியாயமான பயம். அதனால் என் யோசனை: பெயரே இல்லாமல், வழக்கோடு சேராமல், எண்ணிக்கைக்காக மட்டும் எல்லா அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவிலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்கணும். எண்ணாத நோய்க்குத் திட்டமும் வராது, பணமும் வராது.

18/
சட்டம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், போனைக் கையில் பிடித்து ஓட்டுவதை 184ஆம் பிரிவில், ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 10,000 ரூபாய். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத விதத்தில் போனை வைத்துக்கொள்ள 2020 விதி அனுமதிக்குது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, போன் பேசி ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்திவைக்கணும்னு 2015இலேயே சொல்லிடுச்சு.

19/
2024 மே மாதம், காரை ஓட்டிக்கிட்டே போன் பேசியதாக யூடியூபர் டிடிஎஃப் வாசனை மதுரை போலீஸ் கைது செய்தது ஞாபகம் இருக்கும். அவருடைய வீடியோவே வழக்குக்குக் காரணம். ஊரே திட்டுச்சு. திட்டினவங்க எத்தனை பேர் அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது போன் பேசாம போனாங்க? அங்கே கேமரா இருந்துச்சு, நம்ம வண்டியில் இல்ல. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல.

20/
போலீஸ் பிடிப்பது கையைத்தான். காதில் இருக்கிற ப்ளூடூத்தையோ, மனசில் ஓடுற பேச்சையோ எந்த ட்ராஃபிக் போலீசாலும் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்கக்கூடியவர் ஒரே ஒருத்தர்: போனின் அந்தப் பக்கம் இருப்பவர்.

21/
யோசிச்சுப் பாருங்க. வண்டியில் போறப்ப வர்ற போன் யாருடையது? அம்மா, மனைவி, புருஷன், பிள்ளை, மேனேஜர். எதிரிங்க யாரும் நமக்குப் போன் பண்றதில்ல. "ஏன் எடுக்க மாட்டேங்குற?" என்று ஒருமுறை திட்டு வாங்கினவர், அடுத்த முறை ஓடுற வண்டியிலேயே எடுப்பார். அக்கறையில் பண்ற போன்தான் அவரை அவசரப்படுத்துது.

22/
அதனால் இது கூப்பிடுறவங்களுக்கு. போன் எடுத்ததும் முதல் கேள்வி: "வண்டியில இருக்கியா?" ஆமாம்னு சொன்னா, "சரி, போய்ச் சேர்ந்துட்டுக் கூப்பிடு" என்று நீங்களே கட் பண்ணுங்க. "ஒரே நிமிஷம், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வச்சுடறேன்" வேண்டாம். எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. எடுக்காதது நல்ல செய்தி. ஓட்டிக்கிட்டு இருக்கார்.

23/
முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும்: கலெக்‌ஷன் பையன், மெடிக்கல் ரெப், டெலிவரி பண்றவர், வாடகை வேன் டிரைவர், இவங்க வேலையே ரோட்டில்தான். "எடுக்கலைன்னா நாளைக்கு வராத" என்று சொன்னால், அவர் எந்த வேகத்தில் போனாலும் எடுப்பார். ஆர்டர் வந்துச்சா, டெலிவரி ஆச்சா என்று ஓடுற வண்டியில் திரையைத் தொடவைக்கிற ஆப் கம்பெனிகளும் இதற்குப் பதில் சொல்லணும். அபராதம் மட்டும் அந்தப் பையன் பாக்கெட்டிலிருந்து போகுது.

24/
ஓட்டுறவங்களுக்கு:

• கிளம்பும் முன்னாடியே மேப் போட்டு, குரல் வழிகாட்டலை ஆன் பண்ணிடுங்க.
• போனை சைலண்டில் போட்டு பைக்குள்ளே வைங்க. பாக்கெட்டில் அதிர்ந்தாலே மனசு அங்கே போகும்.
• "கிளம்பிட்டேன், ஒரு மணி நேரம் போன் எடுக்க மாட்டேன்" என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ்.
• காரில் கூட வர்றவர், பைக்கில் பின்னாடி உட்கார்றவர் போனை வாங்கிக்கணும்.
• எடுத்தே ஆகணும்னா வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, வளைவும் பாலமும் இல்லாத இடத்தில் நிறுத்திட்டு எடுங்க.

25/
விபத்தைப் பார்த்தா வீடியோ எடுக்காம 108க்கு அடிங்க. உதவி செய்றவரைச் சட்டம் (134-ஏ பிரிவு) காப்பாத்துது. பெயர் சொல்லக்கூடக் கட்டாயம் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கின "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு ரோட்டில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு, திட்டத்தில் இருக்கிற தனியார் மருத்துவமனைகளிலும். எந்த ஊர்க்காரர், காப்பீடு இருக்கா என்றெல்லாம் பார்க்க மாட்டாங்க. பக்கத்து மருத்துவமனைக்குச் சீக்கிரம் கொண்டு போங்க.

26/
அவசர போன் வந்தா என்ன பண்றது என்று கண்டிப்பா கேட்பீங்க. நிஜமான அவசரமா இருந்தாலும், நீங்க நிறுத்திப் பேச ஆகுறது ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பக்கம் எதுவும் கெட்டுப்போகாது. தையல் போட்டுக்கிட்டே நான் கேட்டவரை, விழுந்த நேரத்தில் பேசிக்கிட்டு இருந்தது பெரும்பாலும் பால் வாங்கிட்டு வர்றதைப் பத்தி, சாப்பாட்டைப் பத்தி, எங்கே வந்துட்டிருக்கேங்கிறதைப் பத்தி.

27/
இன்னிக்கு ராத்திரி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது இதை ஒரு வீட்டு விதியா பேசி முடிவு பண்ணுங்க: வண்டியில் இருந்தா எடுக்க மாட்டோம், எடுக்கலைன்னா கோவிச்சுக்க மாட்டோம். ரெண்டாவது பாதி ரொம்ப முக்கியம். அது இல்லாம முதல் பாதி ஒரு வாரம்கூட நிக்காது.